எடைக்குப் போடும் முன்

நூலகர் பதில்கள்

(ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது பழைய வண்ணாரப்பேட்டைவாசி. நூலகம், ஆவணம், பழந்தாள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழிலும் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆகஸ்டு மாதம் நண்பர்களோடு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆவணக் கண்காட்சி பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, கசங்கிய துண்டறிக்கை. இதையெல்லாமா கட்டிக் காப்பாற்றுவார்கள்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

இதைத்தான் தம்பி முதலில் காப்பாற்ற வேண்டும். ஆகஸ்டு வந்தால் நூலகங்களில் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வெளியே வைப்பார்கள். 12ஆம் தேதி நூலகர் தினம், 22ஆம் தேதி சென்னை தினம், இரண்டு சாக்கு கிடைக்கிறது. மற்ற மாதங்களில் இதே தாள்கள் பீரோவுக்குள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், கேட்க ஆளிருக்காது.

புத்தகத்தை ஆயிரம் பிரதி அடிப்பார்கள். ஒன்றைக் கரையான் தின்றாலும் இன்னொன்று எங்காவது ஒரு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். நோட்டீசை யார் எடுத்து வைக்கிறார்கள்? கையில் வாங்கி நாலு அடி நடப்பதற்குள் கசக்கிப் போட்டுவிடுகிறோம். ஜார்ஜ் டவுன் பக்கத்துக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் அப்படிப்பட்டவைதான். கொலை நடந்தால் கொலைச் சிந்து, புயல் அடித்தால் புயல் சிந்து. படித்த பெரிய மனிதர்கள் அவற்றை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். அப்படியும் அவற்றில் பல இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. அதற்கு ஒரு காரணம் 1867ல் வந்த சட்டம். அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும், புத்தகமானால் அரசாங்கத்துக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்றது சட்டம். பாதுகாப்பது, கண்காணிப்பது இரண்டும் அதில் கலந்திருந்தன. எந்த எண்ணத்தில் வாங்கி வைத்தார்களோ, காலணாப் பாட்டு பிழைத்தது.

சட்டம் கேட்காத தாள்களை யாராவது ஒரு தனி மனிதர்தான் காப்பாற்ற வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்தே வைத்தார். அவர் போன பிறகு அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

என் கதை வேறு மாதிரி. 1987ல் நான் வேலை பார்த்த நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு கோணி நிறையத் துண்டறிக்கை. சங்கக் கூட்டம், நாடகம், வைத்தியசாலை, தேர்தல், எல்லாம் கலந்து கிடந்தது. எதற்கும் பதிவேட்டு எண் இல்லை. எண் இல்லாத தாள் நூலகக் கணக்கில் இல்லாத தாள். கழித்துவிடலாம் என்று எழுதி மேலே அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஞாபகமில்லை. ரசீதில் என் இனிஷியல் சாய்வாக விழுந்திருந்தது மட்டும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மேசைக்கு அடியில் பறந்துபோன ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விதிப்படி அதுவும் தப்புதான்.

கேள்வி: எங்கள் தாத்தா பின்னி மில் தொழிலாளி. அவருடைய தகரப் பெட்டியில் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, நோட்டீசுகள், சில போட்டோக்கள். பல தாள்களில் வருடமே இல்லை. பிரித்து அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன், தலை சுற்றுகிறது. என்ன செய்யட்டும் அம்மா?
– வாசகி, புளியந்தோப்பு

முதலில் பிரிப்பதை நிறுத்துங்கள். சீட்டு ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம் என்று அழகாக அடுக்கத்தான் கை போகும். ஆனால் ஒரு ரசீதுக்குள் ஒரு போட்டோ மடித்து வைக்கப்பட்டிருந்தால், அதைத் தாத்தா ஒரு காரணத்தோடு வைத்திருப்பார். ஆவணக்காரர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது அந்த அடுக்கைத்தான். இருக்கிறபடியே மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று மூலையில் பென்சிலால் மெல்ல எண் போட்டு, ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். அப்புறம் எத்தனை முறை கலைந்தாலும் திரும்ப அடுக்கலாம்.

வருடம் கண்டுபிடிப்பது வேடிக்கையான வேலை. வயசாளிகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் டீ போட்டுக் குடித்தபடியே செய்யலாம். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தியது, அந்த வருடம் ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. முகவரியில் வெறும் ‘சென்னை–21’ என்று இருந்தால் பழசு. 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்த பிறகுதான் அது 600 021 ஆனது. ‘சென்னை மாநிலம்’ என்று அச்சாகியிருந்தால் 1969 ஜனவரிக்கு முன்னால், அப்புறம் தமிழ்நாடு. லை, னை, ணை எழுத்துக்களைப் பாருங்கள். முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு எழுத்து. இதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தைத் தேயும் வரை விட மாட்டார்கள். மூன்று நாலு வருடம் கூடுதலாகவே கணக்கு வையுங்கள்.

மேலே சொன்னேனே, சாப்பாட்டுப் பையில் வந்த தாள், அதையும் இப்படித்தான் பார்த்தேன். உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு. தொழிலாளருக்கு இரவுப் பள்ளி தொடங்குகிறது என்ற அறிவிப்பு. மாதம் இரண்டு அணா. சிலேட்டுக் கொண்டுவர வேண்டும், விளக்குப் பள்ளியில் இருக்கும். அடியில் தங்கசாலைத் தெரு அச்சகம் ஒன்றின் பெயர். தொடக்க நாள் ‘ஆகஸ்டு 14, புதன்கிழமை’; வருடம் போட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் நடக்கப்போகிற விஷயத்துக்கு வருடம் எதற்கு? எழுத்தின் வாகையும் தாளையும் பார்த்தால் முப்பதுகள், நாற்பதுகள் என்று தோன்றியது. பழைய காலண்டர் கணக்கைப் போட்டேன். அந்த இருபது வருடத்தில் ஆகஸ்டு 14 புதன்கிழமையில் விழுந்தது மூன்றே முறை. 1935, 1940, 1946. அந்த அச்சகம் அடித்த, வருடம் போட்ட வேறு தாள் ஒன்று கிடைத்தால் மூன்றில் ஒன்றையாவது கழிக்கலாம். இரண்டு கோணியில் அது இருந்திருக்கலாம்.

இப்போது உங்கள் பெட்டியின் மதிப்பு புரிகிறதா? சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் பிறந்தது. 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் அரசாங்க ஆவணங்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எழுதியவர் யார்? போலீசும் அதிகாரியும். மில் 1996ல் மூடியது வரை நிர்வாகத்துக் கணக்கு எங்காவது ஒரு கோப்பில் கிடைக்கும். தறி ஓட்டியவர் மாதா மாதம் எவ்வளவு வாங்கினார், எந்த மாதம் அபராதம் பிடித்தார்கள், வேலைநிறுத்த மாதத்தில் சந்தா கட்டினாரா என்பது உங்கள் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது.

வைக்கும் விதம் சொல்கிறேன். செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் டேப் உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் நிற்கும், அந்தக் கறை போகாது. பிளாஸ்டிக் லேமினேஷனும் வேண்டாம். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் கழற்றிவிடுங்கள், நம் கடல் காற்றுக்கு ஆறே மாதத்தில் துரு ஏறிவிடும். ரப்பர் பேண்டுக்குப் பதில் பருத்தி நாடா. பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள், மழைக்கு ஓதம் காக்கும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். தாள்களில் இராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது பசையும் கஞ்சியும். போட்டோ ஒட்டிய ஆல்பத்தைத்தான் முதலில் தேடி வரும். வேப்பிலையோ அந்துருண்டையோ மட்டும் போதாது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

போட்டோவில் இருப்பவர்கள் பெயரை அதன் பின்பக்கத்தில் இந்த வாரமே எழுதி வையுங்கள். உங்கள் பாட்டி இருக்கிறாரா? அவரிடம் கேளுங்கள். இடமிருந்து வலமாக.

கேள்வி: நூலகத்தில் தூங்குபவர்களை எழுப்புவீர்களா?
– வாசகர், பெரம்பூர்

குறட்டை விட்டால் எழுப்புவேன். மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவர்களில் இரண்டு பேர் பின்னாளில் நல்ல உத்தியோகத்துக்குப் போனார்கள். ஆவணப் பிரிவில் மட்டும் தூங்கவிட மாட்டோம். தலை சாய்ந்தால் தாள் கிழியும்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பையனின் சான்றிதழ்கள், நான் சேர்த்த புத்தகங்கள் எல்லாம் நனைந்தன. மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்தோம். பாதி கல் மாதிரி ஒட்டிவிட்டது. அடுத்த முறை வந்தால் என்ன செய்வது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

‘அடுத்த முறை வந்தால்’ என்று எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறீர்கள்! வடசென்னைக்காரர் கேள்விதான்.

வெயிலில் வைத்ததுதான் பிசகு. வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். நிழல், காற்று, மின்விசிறி, இவைதான் வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் ஜன்னல் ஓரம். சொட்டச் சொட்ட நனைந்த புத்தகத்தைத் திறக்காதீர்கள். சேறு இருந்தால் மூடியபடியே இறுக்கிப் பிடித்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு ஒரு துண்டின் மேல் நிமிர்த்தி நிறுத்துங்கள். ஓரளவு நீர் வடிந்ததும் இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளைச் சொருகி, அது நனைந்ததும் எடுத்து வேறு மாற்றுங்கள். செய்தித்தாள் சொருகினால் மை ஒட்டும். இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் மீதியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், பெரிய ஆவணக் காப்பகங்கள் செய்வதும் இதுதான். உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது. ஊர் தெளிந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காய வைக்கலாம். ஐஸ்கட்டிக்குப் பக்கத்து வீட்டைக் கேட்கிற மாதிரி, ஃப்ரீசருக்கும் மின்சாரம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டைக் கேளுங்கள்.

வழவழப்பான பத்திரிகைத் தாள்தான் கல்லாக ஒட்டும். அது காயவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்துவிட வேண்டும். காய்ந்து ஒட்டியதை நான் ஒரு தடவைகூட உருப்படியாகப் பிரித்ததில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்களைப் பிய்க்காமல் நல்ல தண்ணீரில் ஊற விடுங்கள், தானாகக் கழன்று வரும். துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடலாம். அந்த வருடம் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததே, அப்படி எண்ணெய் ஊறிய தாளுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடவும் வேண்டாம்.

சான்றிதழ்களை நவம்பர் பிறக்கும்போதே உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். தீபாவளி பட்சணம் கீழே இறங்கும், சான்றிதழ் மேலே ஏறும்.

கேள்வி: ஆய்வு மாணவி நான். ஆவணப் பிரிவுக்குப் போனால் பையை வெளியே வை, பேனாவைக் கொடு, ஒரு நேரத்தில் ஒரு கட்டுத்தான் என்கிறார்கள். திருடியைப் போல நடத்துவதாக இருக்கிறது.
– ஆய்வு மாணவி, ராயபுரம்

கோபம் நியாயம்தான். முதல் நாள் யாராவது இதற்கெல்லாம் காரணம் சொல்லியிருந்தால் வந்திருக்காது. எங்கள் ஆட்களுக்கு விதியைச் சொல்லத் தெரியும், காரணம் சொல்ல வாய் வராது.

பேனா விஷயம் கேளுங்கள். பெரிய படிப்புப் படித்த ஒருவர், மை வரவில்லை என்று ஊற்றுப்பேனாவை ஒரு உதறு உதறினார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கூட்டக் குறிப்பேட்டின் மேல் நீலத்தில் மூன்று பொட்டு. அவர் ‘அடடா’ என்றார், கைக்குட்டையால் துடைத்தார், மூன்று பொட்டு ஒரு பட்டையானது. பென்சில் கோடு பட்டால் அழிக்கலாம், இது அழியாது. ஒரு கட்டு மட்டும் தருவது ஏனென்றால், இரண்டு கட்டும் மேசையில் விரிந்துகிடந்தால் இதன் தாள் அதற்குள் போய்விடும். தப்பான கட்டுக்குள் போன தாள் தொலைந்த தாள்தான். அடுத்து அதை யாராவது தற்செயலாகத்தான் பார்க்க வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

செல்போனில் படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டையும் திறந்ததும் முதல் படம் கட்டின் மேலிருக்கும் சீட்டாக இருக்கட்டும். எண், தேதி தெரிகிற மாதிரி. 400 படம் எடுத்துவிட்டு எது எந்தக் கட்டு என்று தெரியாமல் திரும்ப வந்து அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. அங்கே வேலை செய்கிற பழைய உதவியாளரிடம் உங்கள் தலைப்பைச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாதது அவர் தலைக்குள் இருக்கும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்கள் அந்த நூலகத்துக்குள் போக முடியுமா?
– ஆட்டோ ஓட்டுநர், மூலக்கொத்தளம்

இடத்துக்கு இடம் விதி மாறும். பொதுவாக, அடையாள அட்டையோடு போய் ‘இன்ன விஷயம் பார்க்க வேண்டும்’ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து படிக்க விடுவார்கள், வீட்டுக்குத்தான் தர மாட்டார்கள். வாசலில் நிற்கும் காவலாளி ‘முடியாது’ என்றால் அங்கேயே திரும்பிவிடாதீர்கள். நூலகரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாசலில் திரும்பிப்போனவர்கள் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எழும்பூர் கன்னிமாராவுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அது பொது நூலகம், 1896ல் திறந்தது.

கேள்வி: மகளோடு அவளுடைய பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். புத்தக முதுகில் எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக ஏதோ மந்திரம் மாதிரி எழுதியிருக்கிறது. அது என்ன?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

அந்த மந்திரத்தைச் சொன்னவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகர் ஆக்கியது. போன சில நாளிலேயே தனியாக உட்கார்ந்திருப்பது தாங்காமல், கல்லூரிக்கே திரும்பி வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். அதே பத்துப் பதினைந்து துண்டுகள்தான். திருகாணி போட்டு இணைப்பதற்கேற்ப வண்டியாகும், பாலமாகும், கிரேனாகும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கி இணைத்தால் என்ன என்று யோசித்தார். துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை, ஆங்கிலத்தில் ‘கோலன்’, வைத்தார். 1933ல் அச்சான கோலன் பகுப்புமுறை பிறந்த கதை அது.

உதாரணத்துக்கு பாரதியார் கவிதைக்குப் போவோம். அவர் முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து. தமிழுக்கு 31. கவிதைக்கு 1. கவிஞரை அவர் பிறந்த வருடத்தால் குறிக்கிறார். 1800களுக்கு ‘எம்’ என்ற எழுத்து, பாரதி 1882, ஆகவே எம்82. எல்லாம் சேர்ந்து ஓ31,1எம்82. நடுவில் வரும் காற்புள்ளி, பின்னாளில் சேர்ந்த இன்னொரு திருகாணி. ஷேக்ஸ்பியர் நாடகமானால் ஆங்கிலத்துக்கு 111, நாடகத்துக்கு 2, 1500களுக்கு ‘ஜே’, அவர் பிறந்தது 1564. இப்போது நீங்களே எழுதிவிடுவீர்கள், ஓ111,2ஜே64. சாம்பார் பொடி டப்பாவில் சீட்டு ஒட்டுகிற மாதிரிதான், கொஞ்சம் கணக்கு வாத்தியார் புத்தி சேர்ந்திருக்கிறது.

எனக்கு அவர் முறையில் ஒரு குறையும் உண்டு. எண் நீளமாகிவிட்டால் மெலிந்த புத்தகத்தின் முதுகில் ஒட்ட இடம் இருக்காது. அட்டையில் மடித்து ஒட்டுவோம், அலமாரியில் வைத்தால் பாதி எண் தெரியாது. பல நூலகங்கள் அமெரிக்கரான டூயி வகுத்த எண் முறைக்கே போய்விட்டன. ஆனால் புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்று 1931லேயே முதல் விதியாக எழுதியவர் அவர். பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த காலத்தில் அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

கேள்வி: ஆசிரியராக இருந்த என் அப்பா விட்டுப்போன 600 புத்தகங்களை ஒரு நூலகத்துக்குத் தானமாகத் தர முன்வந்தேன். பட்டியலைப் பார்த்துவிட்டு 11 மட்டும் போதும் என்றார்கள். மனசு வலித்துவிட்டது.
– வாசகர், திருவொற்றியூர்

வலிக்கத்தான் செய்யும் சார். நானும் இப்படிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு அந்த 600ம் அப்பா. நூலகருக்கு அதில் பெரும்பாலானவை ஏற்கெனவே எட்டுப் பிரதி இருக்கிற புத்தகத்தின் ஒன்பதாவது பிரதி. அவர் எடுத்த 11ஐப் பாருங்கள், அநேகமாகச் சின்ன அச்சகத்தில் வந்தவையாகவோ, மறுபதிப்பு இல்லாதவையாகவோ இருக்கும். பட்டியலைக் கேட்டு, படித்து, 11 என்று எண்ணிச் சொன்னாரே, அவர் நல்ல நூலகர். ‘எல்லாம் கொண்டுவந்து போடுங்க’ என்கிறவரிடம்தான் பயப்பட வேண்டும். அது மாடிப்படிக்குக் கீழே போகும்.

மீதியைக் கிளை நூலகத்துக்கும் பள்ளிக்கும் பிரித்துக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். அப்பா ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தால், உள்ளே கடிதம், பள்ளி ஆண்டு மலர், தேர்வுத்தாள் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து அதே நூலகரிடம் திரும்பப் போங்கள். அதற்குக் கணக்கு வேறு.

முழுச் சேகரமும் ஒரே இடத்தில் நிற்கும் பாக்கியம் சிலருக்குத்தான். மறைமலையடிகள் சேர்த்த புத்தகங்கள் அவர் மறைந்து எட்டு வருடம் கழித்து, 1958ல், நம் மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவிலேயே நூலகமானது. கல்லூரி நாளில் பாரிமுனையில் பேருந்து இறங்கி அங்கே போவேன். தெருவில் மூட்டை இறக்கும் சத்தம், உள்ளே பக்கம் புரளும் சத்தம். இப்போது அது கன்னிமாரா வளாகத்துக்குப் போய்விட்டது. லிங்கிச் செட்டித் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் தலை அந்தப் பக்கம் திரும்பும்.

கேள்வி: எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே, நூலகத்துக்கு எதற்குப் போக வேண்டும்?
– வாசகர், மணலி

கிடைப்பதைப் போனிலேயே படியுங்கள், பஸ் காசு மிச்சம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ இணையதளம் இருக்கிறது, பழைய தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, இரண்டும் இலவசம். நானே ராத்திரியில் அதைத்தான் புரட்டுகிறேன். ஆனால் ஒரு தாளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டுமானால் முதலில் அந்தத் தாள் இருக்க வேண்டும். அது என்னவென்று ஒருவர் உட்கார்ந்து பெயரும் வருடமும் கொடுக்க வேண்டும். ‘படம் 0043’ என்று ஏற்றி வைத்தால் எந்தத் தேடலில் வரும்?

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. எங்க அப்பா விசைப்படகு வெச்சிருக்கார். 2003ல இருந்து கணக்கு நோட்டு இருக்கு, ஒரே மீன் வாசனை. அம்மா எடைக்குப் போடச் சொல்றாங்க. நூலகத்துல இதை எடுத்துப்பாங்களா?
– மாணவி, காசிமேடு

கண்ணு, அம்மாவை ஒரு வாரம் பொறுக்கச் சொல். நான் கடிதம் எழுதியதாகச் சொல்.

எடுத்துப்பாங்களா என்றால், கடலோரத் தொழிலைப் படிக்கிற ஆட்கள் இருக்கிற பல்கலைக்கழகத்தில் உன் அப்பா நோட்டுக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது, டீசலுக்கு எவ்வளவு, ஐசுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று இத்தனை வருடத்துக்குத் தொடர்ச்சியாக எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? எழுதாத பக்கத்தையும் பார். வருடா வருடம் ஏப்ரல் 15க்கு அப்புறம் நோட்டில் ஒன்றும் இருக்காது, மீன்பிடித் தடைக்காலம். முன்னெல்லாம் 45 நாள், 2017ல் இருந்து 61 நாள். அந்த இடைவெளி பெரிசானது உன் அப்பா நோட்டிலேயே தெரியும். 2004 டிசம்பரில் 26ஆம் தேதிக்கு அப்புறம் எத்தனை நாள் காலியாகக் கிடக்கிறது, திரும்ப எழுத ஆரம்பித்த முதல் வரி என்ன என்று பார்த்து எனக்கு எழுது.

வாசனையைப் பற்றிக் கவலைப்படாதே. வெயில் படாத இடத்தில் நாலு நாள் காற்றாட விரித்து வை. சென்ட் அடிக்காதே.

கொடுப்பதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பா கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து நோட்டோடு பக்கத்தில் உட்கார். அவர் போட்டிருக்கிற சுழி என்ன, கோடு என்ன, ‘மு’ என்று எழுதியிருந்தால் அது ஆள் பெயரா, முன்பணமா, எல்லாம் கேள். சங்கரா, நெத்திலி, காரப்பொடி உனக்கும் எனக்கும் தெரியும்; அவர் மட்டும் சொல்கிற மீன் பெயர் ஏதாவது இருக்கும், அதை அவர் சொல்கிற மாதிரியே எழுது, திருத்தாதே. தனி நோட்டில் எழுது, பக்கத்து எண்ணைப் போட்டு எழுது. அப்பா நோட்டுக்குள் எதையாவது குறிக்க வேண்டி வந்தால் பென்சிலால் மட்டும். சீவி வைத்துக்கொள், ரொம்பக் கூராக வேண்டாம்.